முன்சக்கரம் நனைத்த கால்கள்: மான்செஸ்டர் குளிர்காலத்தில் ஒரு பராமரிப்புப் பணியாளர் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ஓர் அக்டோபர் கடைசியில் தொடங்கி அடுத்த மார்ச் வரை நடந்தவற்றின் பதிவு இது. இதில் வருபவர் முப்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு பெண். காவிரிப் பாசனப் பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். தனியே வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய், குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்து, உணவைச் சூடாக்கித் தந்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் வேலை அவருடையது. ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து வீடுகள். வீட்டுக்கு வீடு ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர். கார் ஓட்டும் உரிமம் இல்லை. பஸ்ஸை நம்பினால் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. எனவே பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார்.

நான் அதே பகுதியில் பதினான்கு ஆண்டுகளாகச் சைக்கிளில் வேலைக்குப் போய் வருபவன். சனிக்கிழமைகளில், தன்னார்வலர்கள் நடத்தும் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் உதவுகிறேன். அவர் அங்கே வந்ததால்தான் இந்த நிகழ்வு எனக்குத் தெரிந்தது. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

மான்செஸ்டர் மழையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மான்செஸ்டரில் 850 மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஆனால் சென்னையில் அதில் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே அது தூறலும் சாரலுமாக ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கிறது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பகல் வெப்பம் 7 டிகிரியைத் தாண்டினால் அதிகம். அந்த வெயிலில் சாலை காய்வதில்லை. மழையே இல்லாத நாளிலும் தார்ச்சாலை நாள் முழுவதும் ஈரமாக இருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. தெரிந்திருந்தும் இந்த நிகழ்வில் அதை நான் தாமதமாகத்தான் பயன்படுத்தினேன்.

நவம்பர்: கால்கள் நனையத் தொடங்கியது

அவரிடம் இருந்தவை வலைத்துணியால் ஆன சாதாரண விளையாட்டுக் காலணிகள். வேலை கொடுத்த நிறுவனம் நல்ல மழைக்கோட்டு ஒன்றைத் தந்திருந்தது. காலுக்கு எதுவும் தரவில்லை. முதல் வாரத்திலேயே கால்கள் நனைந்தன. அவர் தமக்குத் தோன்றிய வழிகளில் சமாளித்தார். பருத்திக் காலுறை இரண்டு சோடி, அதன் மேல் பாலிதீன் பை, அதன் மேல் காலணி. மழைக்கால்சட்டையின் ஓரம் செயினில் சிக்காமல் இருக்க, அதைக் காலுறைக்குள் செருகிக்கொண்டார்.

வீடுகளுக்குள் போகும்போது தரை அழுக்காகக் கூடாது என்பதால், மருத்துவமனைகளில் காணும் நீல நிறப் பிளாஸ்டிக் உறையை நனைந்த காலணிமீதே மாட்டிக்கொள்வார். அரை மணி நேரம் அப்படியே நின்று வேலை செய்வார். பிறகு உறையைக் கழற்றிவிட்டு மீண்டும் ஈரச் சாலை. காலை ஏழரை மணிக்கு நனைந்த கால் இரவு எட்டு மணிக்குத்தான் காற்றைக் கண்டது.

நவம்பர் கடைசி வாரத்தில் கால்விரல்களின் மேற்புறத்தில் அரிப்பு தொடங்கியது. இரவில் எரிச்சல் கூடியது. வீங்கிய இடங்கள் கருஞ்சிவப்பாக, சில இடங்களில் ஊதா நிறமாகத் தெரிந்தன.

அவருக்கு உடனே நினைவுக்கு வந்தது சேற்றுப்புண். அவருடைய தாயார் நடவு வேலைக்குப் போனவர். மழைக்காலம் முழுவதும் விரலிடுக்கில் புண்ணோடு நடந்தவர். தொலைபேசியில் கேட்டபோது, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போடச் சொன்னார். மகளும் போட்டார். அதோடு, வீடு திரும்பியதும் கை பொறுக்கும் அளவுக்குச் சூடான உப்புநீரில் இருபது நிமிடம் காலை வைத்துக்கொண்டார். வைத்திருக்கும் நேரத்தில் சுகமாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அரிப்பும் வீக்கமும் முன்னைவிடக் கூடின. அந்தக் கூடுதலைக் கண்டு, மறுநாள் தண்ணீரை இன்னும் கொஞ்சம் சூடாக்கினார்.

டிசம்பர் இரண்டாம் வாரம்: கொட்டகையில் சந்தித்தது, நான் செய்த தவறு

பிரேக் பிடிக்கவில்லை என்று சைக்கிளைக் கொண்டுவந்தார். லேசாக விந்தி நடந்ததைப் பார்த்துக் கேட்டேன். “கால் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது அண்ணா. புண் வந்துவிட்டது” என்றார்.

நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுபவர்கள் காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ளும் நியோப்ரீன் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) உறையைப் பரிந்துரைத்தேன். நான் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். ஒரு முறை மாட்டுகிறேன், ஒரு முறை கழற்றுகிறேன். எனக்கு அது போதும். அவருக்கும் போதும் என்று நினைத்துவிட்டேன். 28 பவுன் (பிரிட்டிஷ் பணம்) கொடுத்து வாங்கினார். அவருடைய ஏறக்குறைய இரண்டரை மணி நேர ஊதியம் அது.

நான்கு நாளில் அது பயனற்றுப்போனது. உறையின் அடிப்பக்கம் திறந்திருக்கும். பெடலில் கால் வைத்து ஓட்டுவதற்காக அமைந்தது, நடப்பதற்காக அமைந்ததில்லை. அவரோ ஒவ்வொரு வீட்டிலும் படியேறி இறங்குகிறார். முன்பகுதி தேய்ந்து கிழிந்தது. ஒரு நாளில் இருபது முறை ஈரமான ஜிப்பை இழுத்து மாட்டிக் கழற்ற நேரமும் இல்லை. இரண்டு வீடுகளுக்கு இடையே பயணத்தைத் தவிர்த்து ஐந்து நிமிடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். இறுக்கமான உறை, ஏற்கெனவே இரண்டு காலுறைகளால் நெருக்குண்ட விரல்களை மேலும் நெருக்கியது. அது ஏன் தீங்கு என்பது அடுத்த வாரம்தான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

டிசம்பர் மூன்றாம் வாரம்: மருந்தாளுநர் சொன்னது

வலி கூடியதால், தெருமுனை மருந்துக்கடையின் மருந்தாளுநரிடம் காலைக் காட்டினார். இது சேற்றுப்புண் இல்லை, சில்பிளெயின் என்றார் அவர். குளிரும் ஈரமும் சேர்ந்து தாக்கும்போது தோலின் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதன்பின் சட்டென்று சூடு பட்டால், அந்தச் சின்னக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வீக்கமும் அரிப்பும் வருகின்றன. குளிர் பட்டுச் சில மணி நேரம் கழித்தே தெரியும். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது மாநிறத் தோலில் கருமையாகவோ ஊதாவாகவோ தெரியும் என்பதால், சிவப்பைத் தேடுபவர்கள் கவனிக்கத் தவறலாம்.

சேற்றுப்புண்ணும் இதுவும் எப்படி வேறுபடுகின்றன என்பதை இங்கே தனியாக எழுதுவது நம்மவர்களுக்குப் பயன்படும். சேற்றுப்புண் விரல்களின் இடுக்கில் வரும். தோல் வெளுத்து ஊறி, வெடித்து, நாற்றம் எடுக்கும். அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. வெதுவெதுப்பான சேற்றிலும் வரும். சில்பிளெயின் விரல்களின் மேற்புறத்திலும் ஓரத்திலும் நுனியிலும் வரும். அதற்குக் கிருமி காரணமில்லை. குளிர் இல்லாமல் அது வராது. தாயார் சொன்ன வைத்தியம் தாயாரின் காலுக்கு உரியது. மகளின் காலுக்கு வந்தது வேறு நோய்.

வெந்நீரை அன்றே நிறுத்தச் சொன்னார் மருந்தாளுநர். கால்களை அறை வெப்பத்தில் மெல்லச் சூடேற விட வேண்டும், ஹீட்டர்மீது வைக்கக் கூடாது, சொறியக் கூடாது, இறுக்கமான காலணியும் காலுறையும் இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டாலோ, சீழ் வைத்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீரிழிவு உண்டா என்றும் கேட்டார், இல்லை. இருந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்பியிருப்பார்.

கிறிஸ்துமஸ் வாரம்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது

அவர் மறுபடியும் கொட்டகைக்கு வந்தபோது, அவருடைய ஒரு நாளை வீடு வீடாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். அதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. “மழை பெய்யாத நாளிலும் இதே அளவுதான் நனைகிறது.”

அப்படியானால் நனைப்பது வானம் இல்லை.

அவருடைய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு மட்கார்டே இல்லை. பின்சக்கரத்தில் முதுகில் சேறு தெறிக்காமல் இருக்க ஒரு குட்டை மட்கார்டு மட்டும். ஈரச் சாலையில் உருளும் டயர், தண்ணீரை ஒட்டி எடுத்துச் சுழன்றபடியே வீசுகிறது. முன்சக்கரத்தின் பின்பக்கத்திலிருந்து தாழ்வாகக் கிளம்பும் நீர், பெடலில் சுற்றும் இரண்டு காலணிகளின் மூக்கிலும் நேராகப் போய் அடிக்கிறது.

மழை இல்லாத, சாலை மட்டும் ஈரமாக இருந்த ஒரு காலையில் சோதித்துப் பார்த்தோம். இரண்டு காலணிகளிலும் தொடைகளிலும் சமையலறைத் துடைப்புக் காகிதத்தை ஒட்டி, ஒன்றரைக் கிலோமீட்டர் ஓட்டிவரச் சொன்னேன். தொடைக் காகிதம் உலர்ந்திருந்தது. காலணிக் காகிதம் பழுப்பு நீரில் ஊறிக் கிழிந்திருந்தது. முன்புறமும், சக்கரத்தைப் பார்த்த உட்புறமும்தான் அதிகம். பிறகு ஒரு பிளாஸ்டிக் பலகையைத் தற்காலிகமாக முன்சக்கரத்தின் பின்னால் கட்டி அதே தெருவில் ஓட்டினார். இம்முறை காகிதத்தில் சில புள்ளிகள் மட்டும்.

இரண்டாவது சோதனை இன்னும் எளியது. மழைக்கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி அவர் நிற்க, முழங்காலில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினேன். அது வழிந்து, கால்சட்டை ஓரத்திலிருந்து காலுறைக்குள் இறங்கி, காலணிக்குள் போய்ச் சேர்ந்தது. அவர் ஒவ்வொரு மழைநாளிலும் தம் காலுக்குத் தாமே வாய்க்கால் வெட்டியிருந்தார்.

பாலிதீன் பை மூன்றாவது வழி. வெளியிலிருந்து வரும் நீரை அது தடுத்தாலும் வியர்வையையும் வெளியே விடாது. நான்காவது, ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்த அந்த நீல உறை.

சோதனை முடிந்ததும் அவர் சொன்ன ஒன்றை இங்கே எழுத விரும்புகிறேன். ஊரில் அவருடைய தந்தையிடம் இருந்த ஹெர்குலிஸ் சைக்கிளில் இரண்டு சக்கரத்துக்கும் முழு மட்கார்டு, அதன் நுனியில் தரையைத் தொடுமளவு தொங்கும் ரப்பர், செயினுக்கு முழு மூடி எல்லாம் இருந்தனவாம். ஹெர்குலிஸ் பர்மிங்காமில் பிறந்த பெயர். பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அந்தப் பெயரை அம்பத்தூருக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் மழைக்கென்று அமைந்த அந்த உடலமைப்பு தமிழ்நாட்டுத் தெருக்களில் நிலைத்துவிட்டது. இங்கிலாந்துக் கடைகளிலோ மட்கார்டு இல்லாத சைக்கிள்கள்தான் வரிசையாக நிற்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

ஜனவரி: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் சைக்கிள். இரண்டு சக்கரத்துக்கும் முழுநீள மட்கார்டு பொருத்தினோம். 35 மில்லிமீட்டர் டயருக்கு 45 மில்லிமீட்டர் அகலம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்கவையில் அதற்கான திருகுத் துளைகள் இருந்தது நல்வாய்ப்பு. சுள்ளியோ கல்லோ சிக்கினால் தானே கழன்றுகொள்ளும் பிடிகள் உள்ள வகையாகப் பார்த்து வாங்கினோம். முன்சக்கரம் சட்டென்று இறுகினால் ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார். விலை 24 பவுன்.

முழுநீளம் என்று சொன்னாலும் அந்த மட்கார்டு தரைக்கு ஒரு சாணுக்கு மேலேயே முடிந்துவிட்டது. அந்த இடைவெளிதான் காலணிக்கு நீர் வரும் வழி. எனவே பழைய கார் மிதியடி ரப்பரிலிருந்து ஒரு துண்டு வெட்டி, இரண்டு திருகும் அகல வாஷரும் போட்டுத் தொங்கவிட்டோம். முதலில் தரையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை விட்டேன்; நடைபாதை விளிம்பில் ஏறும்போது உரசி மடங்கியது. இடைவெளியை ஏழு சென்டிமீட்டராகக் கூட்டிய பிறகு சரியானது. இதற்குச் செலவே இல்லை. எடுத்த முடிவுகள் அனைத்திலும் அதிகப் பயன் தந்தது இந்த ரப்பர் துண்டுதான்.

அடுத்து காலணி. கணுக்காலுக்கு மேலே வரும், நீர்புகாச் சவ்வு உள்ள நடைப்பயண பூட்ஸைத் தேர்ந்தெடுத்தோம். கோர்-டெக்ஸ் போன்ற சவ்வுகள் வெளிநீரைத் தடுத்து, உள்ளே இருக்கும் நீராவியை வெளியே விடுபவை. மேல்துணி முழுக்க நனைந்துவிட்டால் அந்த மூச்சு குறைந்துவிடும்; மேல்வாய் வழியாகத் தண்ணீர் நுழைந்துவிட்டால் வெளியேறவும் செய்யாது. இந்தக் குறையைத் தெரிந்தேதான் வாங்கினோம், ஏனெனில் அவர் ஓட்டுவதைப் போலவே நடக்கவும் வேண்டும். பழைய பொருள் கடையில் 18 பவுனுக்கு நல்ல நிலையில் ஒன்று கிடைத்தது. தடித்த காலுறையோடு விரல்கள் அசைய இடம் வேண்டும் என்று வழக்கமான அளவைவிட அரை எண் பெரிதாக எடுத்தார். மழைக்கால்சட்டை இனி பூட்ஸுக்கு வெளியே. செயினில் படாமலிருக்க வெளியிலிருந்தே ஒரு ஒளிரும் பட்டை.

இரண்டு பருத்திக் காலுறைகளுக்குப் பதில் ஒரே ஒரு கம்பளிக் காலுறை. கம்பளி ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் ஓரளவு கதகதப்பாகவே இருக்கும். ஈரப் பருத்தி தோலோடு ஒட்டிக்கொண்டு வெப்பத்தை உறிஞ்சும். பையில் எப்போதும் இரண்டு சோடி உலர்ந்த காலுறை, நனைந்தவற்றுக்குத் தனிப் பை. முதல் உலகப் போரின் முதல் குளிர்காலத்தில், பெல்ஜியம்-பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஃபிளாண்டர்ஸ் பகுதி அகழிகளில் ஆயிரக்கணக்கான வீரர்களின் கால்கள் ஈரக்குளிரில் கெட்டன. அங்கே போயிருந்த இந்தியப் படையினரும் அதே அகழிகளில்தான் நின்றார்கள். அதன்பின் பிரிட்டிஷ் ராணுவம் காலுறை மாற்றுவதையும் கால்களைச் சோதிப்பதையும் கட்டளையாகவே ஆக்கியது. இதை அவரிடம் சொன்ன பிறகு, மதியம் காலுறை மாற்றுவதை அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது நேரம். பணியின்போது மூடிய காலணி அணிய வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அதனால்தான் நனைந்த காலணியோடு உள்ளே நின்றார். மேற்பார்வையாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். மருந்தாளுநர் சொன்னதைக் குறிப்பிட்டு, இரண்டு அனுமதிகள் கேட்டோம்: வீட்டுக்குள் அணிய எடை குறைந்த மூடிய காலணி ஒன்றைத் தனியே கொண்டுபோகலாமா, மதியத்தில் பத்து நிமிட இடைவெளி தர முடியுமா. முதல் வாரம் பதில் இல்லை. அவர் நேரில் போய்க் காலைக் காட்டிய பிறகு இரண்டும் கிடைத்தன. அன்றிலிருந்து பூட்ஸ் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நாக்கை வெளியே இழுத்து, வாய் திறந்து காற்றாடும். நீல உறைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இரவில் பூட்ஸின் உள்தகட்டை எடுத்துவிட்டுச் செய்தித்தாளைக் கசக்கித் திணிப்பார். ஒரு மணி நேரத்தில் அதை எடுத்துவிட்டுப் புதுத் தாள். ஹீட்டருக்கு மேல் வைப்பதில்லை. பூட்ஸின் தோலும் பசையும் வெடித்துவிடும். அவர் தங்கியிருந்த பகிர்வு வீட்டில் ஹீட்டர் நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் ஓடும் என்பதால் காகிதம் தவிர வேறு வழியும் இல்லை.

பிப்ரவரி: ஒரு பின்னடைவு

ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு புதிய வீக்கம் எதுவும் வரவில்லை. மாதக் கடைசியில் பழையவை ஆறி, தோல் உரிந்தது. பிப்ரவரியில் ஒரு நாள், பாலத்தடியில் தேங்கியிருந்த தண்ணீரில் இருட்டில் இறங்கிவிட்டார். பெடல் கீழே வரும்போது பூட்ஸ் முழுகியது. மேல்வாய் வழியாகத் தண்ணீர் நிறைந்தது. நாங்கள் அஞ்சிய அந்தக் குறை. அடுத்த வீட்டு வாசலில் தண்ணீரைக் கொட்டி, காலைத் துடைத்து, உலர்ந்த காலுறை அணிந்து, அதன் மேல் ரொட்டிப் பையை மாட்டி, ஈர பூட்ஸுக்குள் காலை விட்டு மீதி நான்கு வீடுகளையும் முடித்தார். இப்படிச் சில மணி நேரத்துக்கு ரொட்டிப் பை உதவும். நவம்பரில் செய்தது போல் நாள்தோறும் அதை நம்பினால்தான் கெடுதல்.

மூன்று நாள் கழித்து இடது சுண்டுவிரலில் மட்டும் மீண்டும் அரிப்பு வந்தது. வெந்நீர் பக்கமே போகவில்லை. பத்து நாளில் அடங்கியது. மார்ச் முடிவுவரை வேறெதுவும் இல்லை. அந்தக் காலத்தில் காலின் காரணமாக ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. டிசம்பரில் நான்கு நாள் எடுத்திருந்தார், ஊதியம் இல்லாமல்.

மறுபடி செய்வதானால்

டிசம்பரில் அவர் விந்தி நடந்ததைப் பார்த்த அன்றே, எந்தப் பொருளையும் சொல்லாமல், ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டிருப்பேன். என் பயணம் ஒன்பது கிலோமீட்டர் ஒரே ஓட்டம். அவருடையது பத்துத் துண்டுகள். என் அனுபவத்தை அவருக்கு அளவாக வைத்ததில் 28 பவுனும், இரண்டு வார வலியும் வீணாயின. காலைப் பார்க்காமலே புண் என்ற சொல்லை ஏற்றுக்கொண்டதும் தவறு. பார்த்திருந்தால் நோயின் பெயர் எனக்குத் தெரியாவிட்டாலும், விரலிடுக்கு சுத்தமாக இருப்பது கண்ணில் பட்டிருக்கும். மருந்தாளுநரிடம் ஒரு வாரம் முன்பே அனுப்பியிருப்பேன்.

வரிசையையும் மாற்றியிருப்பேன். முதலில் மட்கார்டும் ரப்பரும், பிறகு கால்சட்டையின் ஓரம், பிறகு மாற்றுக் காலுறை, கடைசியில் பூட்ஸ். முதல் மூன்றுக்கும் சேர்த்து அவருக்கு ஆன செலவு 40 பவுனுக்குள். வறண்ட சாலைக்குப் போதுமான பழைய காலணியோடே டிசம்பரைக் கடந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

பணியாளர்களைச் சைக்கிளில் அனுப்பும் நிறுவனங்கள் மழைக்கோட்டோடு மட்கார்டையும் ஒரு சோடி உள்காலணியையும் தர வேண்டும். பயண நேரத்தைக் கணக்கிடும்போது காலுறை மாற்றும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு பணியாளர் காலணியைக் கழற்றிக் காலைக் காட்டிய பிறகுதான் பத்து நிமிடம் கிடைக்கும் என்ற நிலை இருக்கக் கூடாது.

மார்ச் கடைசியில் அவர் அதே நிறுவனத்தில் வேலை செய்யும் இருவரைக் கொட்டகைக்கு அழைத்து வந்தார். ஒருவருடைய சைக்கிளுக்கு அதே மிதியடியின் மிச்சத்திலிருந்து அவரே ரப்பர் வெட்டிப் பொருத்தினார். மற்றவருடையது பந்தய வகை. முன்கவையில் திருகுத் துளையும் இல்லை, டயருக்கும் பிரேக்குக்கும் இடையே மட்கார்டு நுழைய இடமும் இல்லை. அதற்கு ஒரு பிடியைத் தகரத்தில் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.